காரன்வாலிஸ் என்ற பெயரில் பலர் உண்டு: ஞாயிறு இணைப்புக் கட்டுரைக்கு ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், உலகின் பல நகரங்களில் பீடத்திலிருந்து இறக்கப்பட்ட சிலைகளைப் பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பொருள் நல்ல பொருள். எழுதியவரும் உழைத்து எழுதியிருக்கிறார். ஆனால், கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் 2018ஆம் ஆண்டு அகற்றப்பட்ட காரன்வாலிஸ் சிலையைப் பற்றிச் சொல்லிவிட்டு, அதே காரன்வாலிஸின் சிலைதான் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கிறது என்று எழுதி, கோட்டைச் சிலையின் படத்தையும் பக்கத்திலேயே அச்சிட்டிருந்தீர்கள். அது பிழை. ஹாலிஃபாக்ஸில் இறக்கப்பட்டவர் எட்வர்ட் காரன்வாலிஸ். சென்னையில் நிற்பவர் சார்லஸ் காரன்வாலிஸ். முன்னவர் பின்னவருக்குச் சிற்றப்பா. எட்வர்ட் 1776ஆம் ஆண்டு ஜனவரியில், ஜிப்ரால்டரின் ஆளுநராக இருந்தபோதே இறந்துபோனார். சார்லஸ் இந்தியாவுக்குத் தலைமை ஆளுநராக வந்து சேர்ந்தது அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து, 1786ஆம் ஆண்டில்.

ஒரு பெயர்க் குழப்பத்துக்கு இவ்வளவு நீளமான கடிதமா என்று தாங்கள் கேட்கலாம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசுப் பள்ளியில் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் இந்தக் குழப்பம் வகுப்பறையில் என்ன செய்யும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒருவர் செய்த குற்றத்தை இன்னொருவர் கணக்கில் எழுதினால், குற்றம் செய்தவரும் தப்பிவிடுகிறார், மற்றவர் உண்மையில் செய்தது என்ன என்பதும் மறைந்துபோகிறது. இங்கே இரண்டுமே நடந்திருக்கின்றன.

எட்வர்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 1749ஆம் ஆண்டு நோவா ஸ்கோஷியாவின் ஆளுநராக வந்து ஹாலிஃபாக்ஸ் குடியேற்றத்தை நிறுவியவர் அவர். அந்த நிலம் மிக்மாக் என்ற பூர்வகுடி மக்களுடையது. அதே ஆண்டு அக்டோபர் மாதம் அவர் வெளியிட்ட பிரகடனம், ஒரு மிக்மாக் மனிதரைப் பிடித்துக் கொடுத்தாலும் கொன்று தலைத்தோலைக் கொண்டுவந்தாலும் பத்து கினி (அக்கால ஆங்கிலப் பொன் நாணயம்) சன்மானம் என்று அறிவித்தது. அந்தப் பிரகடனத்துக்காகத்தான், 1931ஆம் ஆண்டு நிறுவப்பட்ட அவருடைய வெண்கலச் சிலை மிக்மாக் மக்களின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2018 ஜனவரி 31 அன்று கிரேனில் தூக்கி அகற்றப்பட்டது. சிலை நின்ற பூங்காவுக்கு 2021ஆம் ஆண்டு அமைதியும் நட்பும் என்ற பொருளில் புதுப் பெயர் சூட்டப்பட்டது. அவர் பெயர் தாங்கிய தெரு 2023ஆம் ஆண்டு நோரா பெர்னார்ட் தெரு ஆயிற்று. பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அடைத்துவைத்த விடுதிப் பள்ளிகளில் துன்பப்பட்டவர்களுக்காக வழக்காடிய மிக்மாக் பெண்மணி அவர்.

தங்கள் கட்டுரை விட்டுவிட்ட ஒன்று, இவை எல்லாவற்றையும்விட என்னை நெகிழவைத்தது. கனடாக் கடலோரக் காவல் படையில் எட்வர்ட் காரன்வாலிஸ் என்றே ஒரு கப்பல் இருந்தது. 1986ஆம் ஆண்டு கட்டப்பட்டது. பனிக்கட்டியை உடைக்கவும், கடல்வழியைக் காட்டும் மிதவைகளை இடவும் எடுக்கவும் பயன்படும் கப்பல். 2021ஆம் ஆண்டு அதன் பெயரை மாற்றியபோது வெறும் பொதுப் பெயர் ஒன்றைத் தேடிச் சூட்டிவிடாமல், 'கோபிட் ஹாப்சன் 1752' என்று எழுதினார்கள். கோபிட் என்பவர் மிக்மாக் தலைவர் ஜான் பாப்டிஸ்ட் கோப். ஹாப்சன் என்பவர் எட்வர்டுக்கு அடுத்து வந்த ஆளுநர் பெரெக்ரின் ஹாப்சன். இருவரும் சேர்ந்து அமைதி உடன்படிக்கை செய்துகொண்ட ஆண்டு 1752. ஒரு கப்பலின் முகப்பில் இரண்டு மனிதர்களின் பெயரையும் ஓர் ஆண்டையும் சேர்த்து எழுதினால், அது யார், எது, எப்போது என்று நூறு ஆண்டு கழித்துப் படிப்பவருக்கும் ஐயம் வராது. நான் இந்தக் கடிதத்தில் கேட்பதும் இதைத்தான்.

இனி நம் கோட்டையில் நிற்பவர். மூன்றாம் மைசூர்ப் போரில் திப்பு சுல்தானைத் தோற்கடித்து 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையைத் திணித்த சார்லஸ் காரன்வாலிஸ் அவர். சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளை உள்ளடக்கிய பாராமகாலும் திண்டுக்கல்லும் கம்பெனியின் கைக்குப் போனது அந்த உடன்படிக்கையால்தான். அந்த வெற்றியைக் கொண்டாடச் சென்னையிலிருந்த ஆங்கிலேயர்களும் கம்பெனி அலுவலர்களும் பணம் திரட்டி, லண்டன் சிற்பி தாமஸ் பேங்க்ஸைக் கொண்டு இந்தச் சலவைக்கல் சிலையைச் செய்வித்தார்கள். அது 1800ஆம் ஆண்டு வாக்கில் சென்னைக்கு வந்தது. சிலையைவிட அதன் பீடத்தைத்தான் நின்று பார்க்கவேண்டும். உடன்படிக்கைக்குப் பிணையாகத் திப்பு தன் மகன்கள் இருவரை ஒப்படைக்க நேர்ந்த காட்சி அதில் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அந்த அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். மற்றவர்கள் எல்லாம் வாள்களையும் நாணயங்களையும் பார்க்க ஓடிவிட்டார்கள். ஒரு மாணவி மட்டும் பீடத்தின் அருகே குனிந்து அந்த இரண்டு சிறுவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, "ஐயா, அமெரிக்காவில் சரணடைந்தார் என்று பாடத்தில் வருகிறதே, அந்தக் காரன்வாலிஸ் வேறு ஆள்தானே?" என்று கேட்டாள். வேறு ஆள் இல்லை. 1781 அக்டோபர் 19 அன்று யார்க்டவுனில் வாஷிங்டனின் படையிடம் சரணடைந்தவரும், தோல்வி ஏற்கும் சடங்குக்குத் தாம் போகாமல் உடல்நலமில்லை என்று சொல்லித் தம் துணைத் தளபதியை அனுப்பியவரும் இதே சார்லஸ்தான். 1793ஆம் ஆண்டு வங்காளத்தில் நிலையான நிலவரித் திட்டத்தைக் கொண்டுவந்தவரும், பிறகு அயர்லாந்தை ஆண்டவரும், 1805ஆம் ஆண்டு இரண்டாம் முறை இந்தியாவுக்கு வந்து சில மாதங்களிலேயே காசிப்பூரில் இறந்து அங்கேயே புதைக்கப்பட்டவரும் அவரே. பாடநூலில் அமெரிக்கா ஓர் அத்தியாயத்திலும் இந்தியா வேறோர் அத்தியாயத்திலும் இருப்பதால் அந்தப் பிள்ளை ஒரே மனிதரை இரண்டாக நினைத்தாள். தங்கள் கட்டுரையாளர் இரண்டு மனிதர்களை ஒன்றாக நினைத்துவிட்டார். இரண்டு பிழைக்கும் வேர் ஒன்றுதான்: 'காரன்வாலிஸ்' என்று மட்டும் எழுதும் வழக்கம்.

அந்த வழக்கம் எப்படி வந்தது என்பதை யோசித்துப் பார்த்தால், நம் பெயர் முறையும் ஆங்கிலேயர் பெயர் முறையும் ஒன்றுக்கொன்று தலைகீழாக இருப்பது காரணம் என்று தோன்றுகிறது. நமக்கு முன்னால் வரும் தலைப்பெழுத்து தகப்பனாருடையது. பின்னால் வருவதுதான் அந்த மனிதரின் சொந்தப் பெயர். ஆகவே நீளமான பெயர் எதைப் பார்த்தாலும் கடைசிச் சொல்லே ஆளுக்குரியது என்று நம் கை தானாக எழுதிவிடுகிறது. ஆங்கிலேயருக்கோ கடைசிச் சொல் குடும்பத்துக்கு உரியது. சிற்றப்பா, பெரியப்பா, அண்ணன், தம்பி, பேரன் எல்லாருக்கும் அது பொது. 'எட்வர்ட்' என்பதை நீக்கிவிட்டுக் 'காரன்வாலிஸ்' என்பதை மட்டும் வைத்துக்கொள்வது, நம்மில் ஒருவருடைய பெயரை அழித்துவிட்டுத் தலைப்பெழுத்தை மட்டும் விட்டுவைப்பதற்கு ஒப்பானது. காரன்வாலிஸ் என்ற சொல்லும் ஆதியில் ஓர் ஊர்வழிப் பெயர்தான். இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள கார்ன்வால் பகுதியிலிருந்து வந்தவர் என்பது அதன் பொருள். மதுரைக்காரர், நெல்லைக்காரர் என்று நாம் அழைப்பது போல யாரோ ஒரு மூதாதையை அயலார் அழைத்த பெயர் குடும்பத்தின் பெயராக நிலைத்துவிட்டது.

எட்வர்ட், சார்லஸ் இருவரோடு இந்தக் கணக்கு முடிந்துவிடுவதில்லை. எட்வர்டுக்கு ஃபிரெடரிக் என்று இரட்டைச் சகோதரர் ஒருவர் உண்டு. அவர் இங்கிலாந்துத் திருச்சபையில் உயர்ந்து 1768 முதல் 1783 வரை கேன்டர்பரிப் பேராயராக இருந்தார். அவரைப் பற்றி நம் ஏடுகள் எழுதவேண்டிய தேவை வருவதில்லை என்பதால் அவரை விட்டுவிடலாம். விடமுடியாதவர் சார்லஸின் தம்பி வில்லியம் காரன்வாலிஸ். அவர் கடற்படைக்காரர். அண்ணன் இந்தியாவில் தலைமை ஆளுநராக இருந்த அதே காலத்தில், 1789ஆம் ஆண்டிலிருந்து தம்பி கிழக்கிந்தியக் கடற்பகுதியின் கடற்படைத் தளபதியாக இருந்தார். அண்ணன் தரை வழியாகத் திப்புவோடு போரிட்டபோது, தம்பியின் கப்பல்கள் திப்புவுக்கு உதவி போய்ச் சேராதபடி மலபார்க் கரையைக் காத்தன. 1791 நவம்பரில் தலைச்சேரிக்கு அருகே பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஒன்றை வழிமறித்துச் சண்டையிட்டதும், 1793ஆம் ஆண்டு புதுச்சேரியை ஆங்கிலேயர் முற்றுகையிட்டபோது கடற்பக்கம் மறித்து நின்றதும் இந்தத் தம்பியின் கட்டளையில் இருந்த படைதான். புதுச்சேரி முற்றுகையைப் பற்றித் தமிழில் எழுதும்போது 'காரன்வாலிஸ்' என்று மட்டும் எழுதினால், படிப்பவர் அண்ணனைத்தான் நினைப்பார். அண்ணன் புறப்பட்டு வந்து சேர்வதற்குள் புதுச்சேரி சரணடைந்துவிட்டது என்பதுதான் உண்மை.

இந்த வில்லியமின் பெயர்தான் கனடாவின் வடகோடியில் உள்ள காரன்வாலிஸ் தீவுக்கு இடப்பட்டது. கனடா என்றதும் ஹாலிஃபாக்ஸ் நினைவுக்கு வந்து, தீவையும் எட்வர்டின் தலையில் கட்டிவிடுவது எளிது. ஆனால் ஹாலிஃபாக்ஸ் அட்லாண்டிக் கரையில் இருக்கிறது; தீவோ ஆர்க்டிக் பனிக்கடலில் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 சதுர கிலோமீட்டர் பரப்பு, மரம் என்று ஒன்று கிடையாது. 1819ஆம் ஆண்டு வடமேற்குக் கடல்வழியைத் தேடிப் போன வில்லியம் பாரி அதற்குப் பெயரிட்டார். பாரி சிறுவனாகக் கடற்படையில் சேர்ந்தது தளபதி வில்லியம் காரன்வாலிஸின் தலைமைக் கப்பலில். தன்னை ஆளாக்கிய பெரியவருக்கு ஒரு மாலுமி செலுத்திய நன்றி அந்தப் பெயர். பாரி இங்கிலாந்திலிருந்து மே மாதம் புறப்பட்டார். தளபதி ஜூலை 5 அன்று இறந்துவிட்டார். தீவுக்குப் பெயர் வைத்தது ஆகஸ்டில். பெரியவர் மறைந்த செய்தி எட்டாத தூரத்தில், அவர் உயிரோடு இருப்பதாக எண்ணியே பாரி வரைபடத்தில் எழுதியிருக்கிறார்.

அந்தத் தீவில் மனிதர் வாழும் ஊர் ஒன்றே ஒன்று, ஆங்கிலத்தில் ரெசல்யூட். அதுவும் பாரிக்குப் பின்னர் அந்தக் கடலுக்கு வந்த ஒரு கப்பலின் பெயர்தான். இனுயிட் மக்கள் மொழியில் அந்த ஊருக்குக் கௌசுயிட்டுக், அதாவது விடியல் இல்லாத இடம் என்று பெயர். 1953ஆம் ஆண்டு கனடா அரசு, கியூபெக்கின் வடபகுதியில் வாழ்ந்த இனுயிட் குடும்பங்களை ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் தொலைவுக்குக் கொண்டுவந்து அங்கே குடியமர்த்தியது. அவர்களுக்குப் பழக்கமான விலங்குகளும் அங்கே போதிய அளவில் இல்லை, மாதக்கணக்கில் நீளும் இருளும் பழக்கமில்லை. அரசு அதற்காக மன்னிப்புக் கேட்டது 2010ஆம் ஆண்டில்தான். இந்தத் துயரத்தில் அந்தப் பழைய தளபதிக்குப் பங்கில்லை. ஆயினும் 'காரன்வாலிஸ் தீவில் பூர்வகுடிகள் பட்ட துன்பம்' என்று யாரேனும் ஒரு வரி எழுதிவிட்டால், அது நேரே 1749ஆம் ஆண்டுப் பிரகடனத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். பெயர் ஒன்றாக இருப்பதே போதும், இடையிலுள்ள இருநூறு ஆண்டும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டரும் காணாமல் போய்விடும்.

கோட்டைகளிலும் இதே கதைதான். நம் வாசகர்கள் பலர் பினாங்குக்குச் சுற்றுலா போய் ஜார்ஜ் டவுன் கடற்கரையில் காரன்வாலிஸ் கோட்டையைப் பார்த்திருப்பார்கள். 1786ஆம் ஆண்டு ஃபிரான்சிஸ் லைட் அந்தத் தீவில் இறங்கி, நிபோங் பனை மரத் தண்டுகளை நட்டு அமைத்த அரண் அது. அப்போதுதான் வங்காளத்துக்குத் தலைமை ஆளுநராக வந்திருந்த சார்லஸின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைச் செங்கல்லும் கல்லுமாகக் கட்டியெழுப்பியவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். ஒரு போரைக்கூடப் பார்க்காத கோட்டை. ஆனால் இணையத்தில் தேடும் மாணவனுக்கு 'காரன்வாலிஸ் கோட்டை 1781ஆம் ஆண்டு முற்றுகையிடப்பட்டு வீழ்ந்தது' என்ற செய்தியும் கிடைக்கும். அது பினாங்குக் கோட்டை இல்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டா நகரில் அதே சார்லஸின் பெயரில் இருந்த கோட்டை அது. விடுதலைப் படையினர் மரக்கட்டைகளை அடுக்கி உயரக் கோபுரம் எழுப்பி, அதன் மேலிருந்து உள்ளே சுட்டு அதைப் பிடித்தார்கள். இப்போது அந்த இடத்தில் ஒரு தேவாலயம் நிற்கிறது.

சென்னையிலேயே, சார்லஸின் பெயரை வாயால் சொல்லாமல் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அவர் நினைவிடத்தின் பெயரைச் சொல்கிறார்கள். தேனாம்பேட்டையில் செனடாஃப் சாலை இருக்கிறதல்லவா? உடல் வேறெங்கோ புதைந்திருக்க நினைவுக்காக மட்டும் எழுப்பும் மண்டபத்துக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். காசிப்பூரில் புதைக்கப்பட்ட சார்லஸுக்காக எழுப்பப்பட்ட மண்டபம் அங்கே நின்றதால் சாலைக்கு அந்தப் பெயர் வந்தது. மண்டபம் பிறகு அங்கிருந்து பெயர்த்து எடுத்துச் செல்லப்பட்டது. சாலையின் பெயர் மட்டும், யாருடைய நினைவு என்று சொல்லாமல், தங்கிவிட்டது.

எல்லாவற்றையும்விடக் குழப்பம் மிகுந்தவை கப்பல்கள். மனிதர் இறந்தால் பெயர் அவரோடு நின்றுவிடும். கடற்படையிலோ ஒரு கப்பல் பெயர் மாறினாலும் உடைக்கப்பட்டாலும் மூழ்கினாலும் அதே பெயரை இன்னொரு கப்பலுக்கு எடுத்து வைப்பார்கள். தங்கள் கட்டுரையின் கடைசிப் பத்தியில், சீனாவைப் பணியவைத்த நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தான காரன்வாலிஸ் கப்பல் முதல் உலகப் போரில் மூழ்கடிக்கப்பட்டதாக ஒரு வரி இருக்கிறது. அதுவும் இரண்டு கப்பல்களை ஒன்றாக்கிய வரி. இதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன், ஏனென்றால் இந்தக் கப்பல்களில் இரண்டு நம் நாட்டில், நம் நாட்டுத் தச்சர்கள் கையால் உருவானவை.

முதலாவது, பம்பாய்க் கப்பல் கட்டும் தளத்தில் ஜம்ஷெட்ஜி பொமான்ஜி வாடியா தேக்கு மரத்தால் கட்டி 1801ஆம் ஆண்டு முடித்த 'மார்க்விஸ் காரன்வாலிஸ்'. மார்க்விஸ் என்பது 1792ஆம் ஆண்டு சார்லஸுக்குக் கிடைத்த பட்டம். ஆகவே இது யார் பெயர் என்பதில் ஐயமில்லை. கம்பெனிக்காகக் கட்டிய இந்தக் கப்பலை 1805ஆம் ஆண்டு தளபதி எட்வர்ட் பெல்லூ பிரிட்டிஷ் கடற்படைக்கு விலைக்கு வாங்கினார். 1807 டிசம்பரில் பசிபிக் பெருங்கடலின் நடுவே ஒரு பவளத்தீவை இந்தக் கப்பல் கண்டது. கப்பல் தலைவரின் பெயரால் அது இன்றும் ஜான்ஸ்டன் பவளத்தீவு என்று வழங்குகிறது. 1811ஆம் ஆண்டு இந்தக் கப்பலுக்கு 'அக்பர்' என்று பெயர் மாறியது.

இரண்டாவது, அதே வாடியா அதே தளத்தில் கட்டி 1813ஆம் ஆண்டு கடலில் இறக்கிய, 74 பீரங்கிகள் பொருத்திய காரன்வாலிஸ். 1842 ஆகஸ்ட் 29 அன்று யாங்சி ஆற்றில் நான்கிங் நகருக்கு வெளியே நங்கூரமிட்டு நின்றது இந்தக் கப்பல்தான். இதன் அறையில்தான் சீனப் பேரரசின் பிரதிநிதிகள் ஹாங்காங்கை விட்டுக்கொடுக்கவும் ஐந்து துறைமுகங்களைத் திறந்துவிடவும் கையெழுத்திட்டார்கள். அந்த அபினிப் போரில் சென்னை மாகாணத்துச் சிப்பாய்களும் சீனாவுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள் என்பதையும் நாம் மறக்கலாகாது. இந்தக் கப்பல் எந்தப் போரிலும் மூழ்கவில்லை. 1855ஆம் ஆண்டு நீராவி இயந்திரம் பொருத்தப்பட்டது. 1865ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷியர்னெஸ் துறையில் பாய்மரம் எல்லாம் களையப்பட்டு, மற்றக் கப்பல்கள் வந்து அணையும் படகுத்துறையாகக் கட்டிவைக்கப்பட்டது. 1916ஆம் ஆண்டு 'வைல்ட்ஃபயர்' என்று பெயர் மாறி, 1957ஆம் ஆண்டில்தான் உடைக்கப்பட்டது. கடலில் இறங்கியது முதல் 144 ஆண்டுகள். பம்பாய்த் தச்சர்கள் இழைத்த தேக்குப் பலகை அவ்வளவு காலம் உப்பு நீரில் நின்றது என்பதைச் சொல்லாமல், அது போரில் மூழ்கிவிட்டது என்று எழுதுவது அந்தத் தச்சர்களுக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

முதல் உலகப் போரில் மூழ்கியது வேறு. 1901ஆம் ஆண்டு தேம்ஸ் நதிக்கரையில் கடலில் இறக்கப்பட்ட எஃகுப் போர்க்கப்பல் அது. 1915 பிப்ரவரியில் துருக்கியின் டார்டனெல்ஸ் நீரிணைக் கோட்டைகளைத் தாக்கிய கப்பல்களில் ஒன்று. 1917 ஜனவரி 9 அன்று மால்டாவுக்குக் கிழக்கே ஜெர்மானிய நீர்மூழ்கி யு-32 எய்த டார்பிடோக்களால் மூழ்கியது. 15 பேர் இறந்தனர். இது அண்ணன் பெயரா தம்பி பெயரா என்று கண்டுகொள்ள ஓர் எளிய வழி உண்டு. உடன்பிறப்பாக அதே வகையில் கட்டப்பட்ட மற்றக் கப்பல்களின் பெயர்களைப் பார்க்கவேண்டும். டங்கன், ஆல்பெமார்ல், எக்ஸ்மவுத், மான்டகு, ரஸ்ஸல் என்று எல்லாமே கடற்படைத் தளபதிகளின் பெயர்கள். ஆகவே இந்தக் காரன்வாலிஸ் கடற்படைக்காரரான வில்லியம். அந்த வரிசையில் உள்ள எக்ஸ்மவுத் வேறு யாருமில்லை. மார்க்விஸ் காரன்வாலிஸ் கப்பலை விலைக்கு வாங்கிய எட்வர்ட் பெல்லூதான் பின்னாளில் எக்ஸ்மவுத் பிரபு ஆனார்.

இவை போக, 1921ஆம் ஆண்டு 'லிக்னிஸ்' என்ற மலர்ப் பெயர் தாங்கிய சிறு போர்க்கப்பல் ஒன்று இந்தியக் கடற்படைக்கு மாற்றப்பட்டு, காரன்வாலிஸ் என்று பெயர் பெற்று இரண்டாம் உலகப் போர் வரை பணிசெய்தது. 1942ஆம் ஆண்டு கனடாக் கடற்படை நோவா ஸ்கோஷியாவில் தொடங்கிய பயிற்சித் தளத்துக்கும் காரன்வாலிஸ் என்று பெயர். அது தரையில் நிற்கும் கட்டடங்களின் தொகுதி. ஆனால் கடற்படை மரபுப்படி தளத்துக்கும் கப்பலைப் போலவே பெயரும் முன்னொட்டும் கொடுப்பதால், பட்டியலில் பார்ப்பவருக்கு அதுவும் ஒரு கப்பலாகவே தோன்றும். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகருக்கருகே உள்ள காரன்வாலிஸ் என்ற ஊர் இந்தக் குடும்பத்தார் எவருடைய பெயரையும் நேராகத் தாங்கியது அன்று. 1841ஆம் ஆண்டு அங்கே கடலில் மூழ்கி இறந்த வில்லியம் காரன்வாலிஸ் சைமண்ட்ஸ் என்பவரின் நடுப்பெயர் அது.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது சில சிறிய செயல்களே. வெளிநாட்டு வரலாற்று மாந்தரைக் கட்டுரையில் முதன்முறை குறிப்பிடும்போது முதற்பெயரையும் சேர்த்து எழுதும்படி கட்டுரையாளர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். கப்பலானால் அது கடலில் இறங்கிய ஆண்டையும், ஊரோ தீவோ ஆனால் எந்த நாட்டில் என்பதையும் ஒரு சொல்லில் சேர்த்தால் போதும். 'காரன்வாலிஸ் பிரபு' என்று எழுதுவதால் தெளிவு கிடைத்துவிடாது. சார்லஸுக்கு முன்னும் பின்னும் அந்தக் குடும்பத்தில் பலர் பிரபுக்களாக இருந்திருக்கிறார்கள். பாடநூல் எழுதுவோருக்கும் தங்கள் ஏடு வழியாக இதைச் சொல்ல விரும்புகிறேன். யார்க்டவுன் வரும் பாடத்தில், இவரே பின்னர் இந்தியாவின் தலைமை ஆளுநராக வந்தார் என்று ஒரே ஒரு வரி சேர்த்தால், பீடத்தருகே நின்று என் மாணவி கேட்ட கேள்விக்கு அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் தாங்களே விடை சொல்வார்கள்.

கட்டுரை தங்கள் இணையப் பதிப்பில் இன்னும் அப்படியே இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் செயல்திட்டத்துக்கு அங்கிருந்துதான் படி எடுப்பார்கள் என்பதால், அச்சில் திருத்தம் போடுவதோடு அங்கும் மாற்றிவிடும்படி வேண்டுகிறேன். தங்கள் வேலையைக் குறைக்கத் திருத்தத்தின் வாசகத்தை நானே எழுதியிருக்கிறேன், பிழையிருந்தால் திருத்திக்கொள்ளலாம்:

"ஹாலிஃபாக்ஸ் நகரில் 2018ஆம் ஆண்டு அகற்றப்பட்டது எட்வர்ட் காரன்வாலிஸின் சிலை. சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் உள்ளது அவருடைய அண்ணன் மகன் சார்லஸ் காரன்வாலிஸின் சிலை. நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தானது 1813ஆம் ஆண்டு பம்பாயில் கட்டப்பட்ட கப்பலில். 1917ஆம் ஆண்டு மூழ்கியது 1901ஆம் ஆண்டு கடலில் இறக்கப்பட்ட வேறு கப்பல்."

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தஞ்சாவூர்.